விசாரணை இல்லாத நீதி: அதிவீரர் படங்கள் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றன?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பனைக் கட்டுரை ஒன்று எழுதக் கொடுத்தேன். ‘எனக்கு அரிய ஆற்றல் கிடைத்தால்...’ என்பது தலைப்பு. ஒருவன் பறந்தான், ஒருத்தி சுவர்களை ஊடுருவிப் பார்த்தாள், மற்றொருவன் மணிக்கட்டிலிருந்து சிலந்தி வலை வீசினான். மொழிநடையில் குறை சொல்வதற்கில்லை. மரபுத்தொடர்களும் உவமைத்தொடர்களும் இடமறிந்து வந்திருந்தன. மகிழ்ச்சியோடுதான் திருத்தத் தொடங்கினேன். பாதிக் கட்டுரைகளைத் திருத்திய பிறகே ஒன்று என் மனத்தை உறுத்திற்று. கிடைத்த ஆற்றலைக்கொண்டு ஏறக்குறைய எல்லாரும் செய்தது ஒன்றே: திருடனைக் கண்டார்கள், அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள். திருடியது அவன்தானா என்று எவரும் கேட்கவில்லை. ஒரு கட்டுரையில்கூட நீதிமன்றம் என்ற சொல் வரவில்லை!

பிள்ளைகள் கற்பனைக்கு எழுதியதைப் பெரிதுபடுத்துவானேன் என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அதே வகுப்பில் ஒரு மாணவியின் பத்து ரிங்கிட் காணாமற்போனது. நான் வகுப்புக்குள் நுழைந்தபோது விசாரணை முடிந்து தீர்ப்பும் வழங்கப்பட்டிருந்தது. ஒரு மாணவனைச் சுவரோரம் நிறுத்திச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். “கண்டுபிடிச்சிட்டோம் ஐயா, இவன்தான்!” என்றான் ஒருவன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஓய்வு நேரத்துல இவன் மட்டும்தான் ஐயா வகுப்புல இருந்தான்.” சான்று அவ்வளவே. பணம் அம்மாணவியின் நன்னெறிக் கல்விப் பயிற்றி ஏட்டின் நடுவே பத்திரமாக இருந்தது. அதைக் கண்டெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரம் அந்தப் பையனின் முகம் இருந்த நிலையை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்று முதல் ‘சூப்பர் ஹீரோ’ படங்களைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அதிவீரர் படங்கள் என்று இங்கே அவற்றைக் குறிப்பிடுகிறேன். நீதி, விடுதலை, மக்களாட்சி ஆகிய மூன்று சொற்களையும் இன்றைய பிள்ளைகள் பள்ளிப் பாடநூலில் படிப்பதைவிட இப்படங்களிலேயே மிகுதியாகக் கேட்கிறார்கள். அவை அங்கே என்ன பொருளில் வழங்குகின்றன என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

‘வெறும் பொழுதுபோக்குத்தானே!’ என்போருக்கு

இந்தக் கதைகள் பிறந்ததே அரசியலில்தான். 1938ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ சூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வலுவற்றவனுக்கு ஒரு காவலன் வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் படைப்பில் உண்டு. ஜோ சைமனும் ஜேக் கெர்பியும் படைத்த கேப்டன் அமெரிக்கா, 1941ஆம் ஆண்டுக்குரிய முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்து விட்டான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவே இல்லை! படைத்தவர்கள் விளையாட்டாகக் கருதாத ஒன்றை நாம் மட்டும் விளையாட்டு என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முதல் இதழில் சூப்பர்மேன் என்ன செய்தான் தெரியுமா? செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்ற, உண்மைக் குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு மாநில ஆளுநரிடம் விரைந்தான். கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தான் என்பது உண்மைதான். ஆயினும் தண்டனையை நிறுத்தும் அதிகாரத்தை ஆளுநரின் கையிலேயே விட்டான். முதல் அதிவீரன் சான்றோடு போனான்! அவனுடைய வாரிசுகள் பலருக்குச் சான்று தேவைப்படுவதே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தந்திரம் இருக்கிறது. திரைப்படத்தில் குற்றம் நம் கண்முன்னே நடக்கிறது. கொலைகாரன் யார் என்பதை நாம் நாற்காலியில் அமர்ந்தபடியே பார்த்துவிடுகிறோம். ஆகவே, அதற்குப் பிறகு வரும் காவல்துறை விசாரணையும் வழக்கறிஞரின் வாதமும் நமக்கு வீண் தாமதமாகத் தெரிகின்றன. ‘அவன்தானே செய்தான், இன்னும் என்ன விசாரணை?’ என்று பொறுமை இழக்கிறோம். வாழ்க்கையில் அந்த வசதி யாருக்கும் இல்லை. பத்து ரிங்கிட் எங்கே போனது என்பதை எந்தப் படக்கருவியும் நமக்குக் காட்டவில்லை. விசாரணை என்பதே நாம் பார்க்கவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டு மாந்தர் கண்ட வழி. படம் பார்க்கும் பிள்ளை, தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக எண்ணப் பழகுகிறான். வகுப்பறைக்கும் அந்தப் பழக்கத்தோடேயே வருகிறான்.

நீதி

இத்தகைய படங்களில் மிகுதியாகப் புகழப்படுவது 2008இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘தி டார்க் நைட்’. புகழுக்கு உரிய படம்தான், மறுக்கவில்லை. அதில் ஜோக்கரைப் பிடிப்பதற்காக நகர மக்கள் அனைவரின் கைப்பேசிகளையும் பேட்மேன் உளவுக் கருவிகளாக மாற்றுகிறான். ஒரு தனி மனிதனுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது என்று கூறி, அந்தப் பொறி இருக்கும்வரை தாம் அங்கே பணியாற்ற முடியாது என்கிறார் அவனுடைய அலுவலர் லூசியஸ் ஃபாக்ஸ். அந்தச் சொல்லுக்காகவே நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். ஆனால், அடுத்த கணமே படம் என்ன செய்கிறது? அந்தப் பொறியினால்தான் ஜோக்கர் பிடிபடுகிறான். பிறகு பொறி அழிக்கப்படுகிறது. ஒரே ஒருமுறை, நல்லவன் கையில் இருந்தால், எல்லாரையும் வேவு பார்க்கலாம் என்பதே பிள்ளையின் மனத்தில் தங்கும் பாடம். வேவு பார்க்கும் கருவியைப் பயன்படுத்திவிட்டுத் தாமே அழித்த அரசுகள் உலகில் எத்தனை?

அதே படத்தின் முடிவில் வழக்குரைஞர் ஹார்வி டெண்ட் செய்த கொலைகள் மறைக்கப்படுகின்றன. மக்களுக்கு உண்மையைவிட நம்பிக்கையே தேவை என்று இரண்டு நல்லவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். மக்களைக் கேட்டவர் யார்? நோலனே இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. 2012இல் வந்த அடுத்த படத்தில், அந்தப் பொய்யின் மேல் ஒரு கடுஞ்சட்டம் எழுப்பப்பட்டிருப்பதையும், பொய் வெளிப்பட்டதும் அதன் அடித்தளமே ஆட்டங்காண்பதையும் காட்டினார். முதல் படத்தைப் பார்த்த பிள்ளை இரண்டாவதையும் பார்த்து, இரண்டையும் இணைத்துச் சிந்திப்பான் என்று நம்பி நாம் கைகட்டி இருக்கலாமா?

விடுதலை

2014இல் வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ படத்தைப் பாராட்டியே எழுத வேண்டும். அதில் மூன்று பெரும் வான்கலங்களை ஏவத் திட்டமிடுகிறார்கள். வருங்காலத்தில் தொல்லை தரக்கூடியவர் யார் என்று கணினி கணித்துச் சொல்லும். அவர் எந்தக் குற்றமும் செய்வதற்கு முன்பே கலங்கள் அவரைச் சுட்டுக் கொல்லும். இது பாதுகாப்பு ஆகாது, அச்சுறுத்தல் என்று கேப்டன் எதிர்க்கிறான்.

நமக்கு இது அயல்நாட்டுக் கதையா? 1960இல் இயற்றப்பட்டு 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருந்தது. ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலே ஈராண்டுகள் தடுத்து வைக்கவும், அக்காலத்தை மேலும் மேலும் நீட்டிக்கவும் அமைச்சருக்கு அது அதிகாரம் அளித்தது. அவர் செய்தது என்ன என்பதைவிட, செய்யக்கூடும் என்ற ஐயமே போதுமானதாக இருந்தது. அதன் பின்னர் வந்த பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. அதே நாட்டின் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் 5ஆம் பிரிவும் இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அதன் பொது விதி. எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்? எத்தனை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? கேப்டனின் கேடயம் எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்டால் வகுப்பே கை தூக்குகிறது!

அந்தப் படத்தில் நான் போற்றும் வீரன் கேடயம் ஏந்தியவன் அல்லன். கேப்டனின் அறிவிப்பைக் கேட்டதும், கலங்களை ஏவும் ஆணையை நிறைவேற்ற மறுக்கும் ஓர் எளிய பணியாளன். தலையில் துப்பாக்கி வைக்கப்படுகிறது, நடுங்கிக்கொண்டே மறுக்கிறான். அவனுக்கு எந்த ஆற்றலும் இல்லை. சில நொடிகளில் முடிந்துவிடும் அக்காட்சியை நாம் நிறுத்திக் காட்டாவிட்டால் எந்தப் பிள்ளையும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மக்களாட்சி

2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ இந்த விவாதத்தின் நடுநாயகம். அதிவீரர்களின் சண்டையில் அப்பாவிகள் மடிகிறார்கள். 117 நாடுகள் கூடி, இனி இவர்கள் ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் இயங்க வேண்டும் என ஓர் உடன்படிக்கை செய்கின்றன. டோனி ஸ்டார்க் ஏற்கிறான். கேப்டன் மறுக்கிறான். குழுக்களை நடத்துவோருக்கு உள்நோக்கம் இருக்கும், அந்த நோக்கம் மாறவும் கூடும் என்பது அவன் வாதம்.

வாதத்தில் உண்மை உண்டு. குழுக்கள் தவறு செய்யும். நாடாளுமன்றமும் தவறு செய்யும். பெரும்பான்மை வாக்கு சில வேளைகளில் கொடுமையாகவும் முடியும். ஆனால், தவறு செய்த நாடாளுமன்றத்தை அடுத்த தேர்தலில் மாற்றலாம். தவறான தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தலாம். தவறு செய்யும் கேப்டனை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? மக்களாட்சியின் சிறப்பு அது தவறே செய்யாது என்பதில் இல்லை. செய்த தவற்றைக் குருதி சிந்தாமல் திருத்திக்கொள்ள வழி வைத்திருப்பதில் இருக்கிறது.

மறுபக்கமும் தூய்மையானதன்று. உடன்படிக்கையை மீறியவர்களைக் கடலடிச் சிறையில் அடைக்கிறது அரசு. வழக்கும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. வீரரும் அரசும் மோதுகிறார்கள். நீதிமன்றத்தை இரு தரப்புமே மறந்துவிட்டன!

இதே படத்தில்தான் என் வகுப்பறைக்கு உரிய பாடமும் கிடைத்தது. குண்டுவெடிப்பில் தந்தையை இழந்த இளவரசன் டி’சாலா, பக்கி பார்ன்ஸ் என்பவனே கொலையாளி என்று நம்பி அவனைக் கொல்லத் துரத்துகிறான். கண்டதும் சுடுமாறு ஆணையும் பிறந்திருக்கிறது. உண்மையில் குண்டு வைத்தவன் வேறொருவன். டி’சாலாவின் கை சற்று விரைந்திருந்தால் செய்யாத குற்றத்துக்காக ஒருவன் செத்திருப்பான். இறுதியில் உண்மையான கொலையாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவனைக் கொல்லாமல் சட்டத்திடம் ஒப்படைக்கிறான் டி’சாலா. நான் பார்த்த அதிவீரர் படங்களில் நீதியைப் பற்றிய ஆகச்சிறந்த காட்சி இதுவே என்பேன்.

அந்த டி’சாலா அரசனாகும் ‘பிளாக் பேந்தர்’ படத்தை 2018இல் உலகமே கொண்டாடியது. கறுப்பின மக்களைப் பெருமையோடு திரையில் நிறுத்திய அப்படத்தை நானும் விரும்பிப் பார்த்தேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். உலகிலேயே அறிவியலில் முன்னேறிய வகாண்டா நாட்டில் அரசனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அருவியோரம் நடக்கும் மற்போரில்! போரில் வென்ற கில்மோங்கர் அரியணை ஏறியதும் நாட்டின் படைக்கருவிகளை உலகெங்கும் அனுப்ப ஆணையிடுகிறான். தடுக்கச் சட்டம் இல்லை. ஆகவே மீண்டும் அடிதடி. நல்லவன் வென்றதால் படம் இனிதாக முடிந்தது. நல்லவனுக்குக் கால் இடறியிருந்தால்?

நம் படங்கள் மட்டும் உயர்ந்தவையா?

ஆங்கிலப் படங்களைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டுக் கூடத்தில் ஓடும் படங்களை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. 2005இல் சங்கர் இயக்கத்தில் வந்த ‘அந்நியன்’ படத்தை நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே பார்த்தன. தொடர்வண்டியில் கெட்டுப்போன உணவு விற்ற ஒப்பந்தக்காரனைக் கொதிக்கும் எண்ணெயில் தள்ளுகிறான் நாயகன். கெட்ட உணவு விற்பது குற்றமே. அதற்கு எண்ணெய்க் கொப்பரையா தண்டனை? திரையரங்கில் எழுந்த கைதட்டலில் இந்தக் கேள்வி அமுங்கிப் போயிற்று. இத்தனைக்கும் அந்த நாயகன் ஒரு வழக்கறிஞன்!

நம் இலக்கியம் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி நேரே அரசவைக்குப் போனாள்; சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள்; மாணிக்கப் பரல் தெறித்தது; அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். வழக்கு வென்ற இடம் அரசவை. அதன் பிறகு மதுரையை எரித்தது நீதியா, சினமா? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். அந்த வாதமே மக்களாட்சிக்கான முதல் பயிற்சி.

என்ன செய்யலாம்?

இப்படங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கூறவில்லை. தடுத்தால் பிள்ளைகள் கைப்பேசியில் தனியாகப் பார்ப்பார்கள். பேசவும் ஆள் இருக்காது. நான் குறிப்பிட்ட மார்வெல் படங்களும் பேட்மேன் படங்களும் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் கவனம் தேவை எனத் தரப்படுத்தப்பட்டவை. நம் பதினொரு வயதுப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆகவே, பெற்றோர்களே, கூட அமருங்கள். படம் முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. அவன்தான் குற்றவாளி என்பது படத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம் பார்த்ததை அவர்களும் பார்த்தார்களா?

2. தண்டிக்கும் அதிகாரத்தை இந்த வீரனுக்குக் கொடுத்தவர் யார்?

3. இவன் தவறு செய்தால் தடுக்கக்கூடியவர் யார்?

2025இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் இதே கேள்வியை லோயிஸ் லேன் கேட்கிறாள். இரு நாடுகளுக்கிடையே தானாகவே புகுந்து போரை நிறுத்திய சூப்பர்மேனை நேர்காணலில் மடக்கி, யாரைக் கேட்டுச் செய்தாய் என்ற பொருள்பட வினவுகிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது. உலகைத் தூக்கும் தோளனுக்கும் ஒரு செய்தியாளரின் கேள்வி கனக்கிறது! நம் பிள்ளைகள் சூப்பர்மேனாக வேண்டாம். லோயிஸ் லேனாக வளரட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மலேசியாவில் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 திசம்பரில் நடப்புக்கு வந்தது. 2022 நவம்பர் 19இல் பதினெட்டு வயதினர் முதன்முறையாகப் பொதுத்தேர்தல் ஒன்றில் வாக்களித்தனர். பெயரைப் பதிய விண்ணப்பிக்கவும் தேவையில்லை, தானாகவே பதிவாகிவிடும். இன்று என் முன்னால் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயது மாணவன் ஆறே ஆண்டுகளில் வாக்காளன். சபைக்கூடலில் தேசியக் கோட்பாட்டை உரக்கச் சொல்கிறான். அரசியலமைப்பும் சட்டத்தின் ஆட்சியும் அதில் இருக்கின்றன. வீட்டுக்குப் போய், சட்டம் கையாலாகாதது, ஒரு வல்லவன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வான் என்று இரண்டரை மணி நேரம் பார்க்கிறான். வாக்குச்சாவடியில் நிற்கும்போது இவற்றுள் எது அவன் காதில் ஒலிக்கும்? வல்லவனுக்காகக் காத்திருக்கும் மக்களிடம் வல்லவன் வேடமிட்டு எவரும் வரலாம் அல்லவா?

முடிக்கும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வகுப்பில் மாணவர்களைத் தடுத்தேன் என்பதோடு நிறுத்தியிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். நடந்தது அதுவன்று. சான்று என்ன என்று கேட்ட நானே, அடுத்து அந்தப் பையனை அழைத்து அவனுடைய புத்தகப்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். பணத்தைத் தொலைத்த மாணவியின் பையை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக நன்னெறி கற்பிக்கும் எனக்கே! மறுநாள் வகுப்பு முழுவதன் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆகவே, இது பிள்ளைகளுக்கு மட்டும் எழுதியதன்று. கட்டொழுங்கு அறையில் ஒருவனைத் தண்டிக்கும் முன் அவன் சொல்வதை முழுமையாகக் கேட்கிறோமா? வீட்டில் அண்ணன் தம்பி சண்டையில் இருவரையும் பேசவிடுகிறோமா? வகுப்புத் தலைவரை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க விடுகிறோமா, நாமே அமர்த்திவிடுகிறோமா? திரையில் வரும் அதிவீரனைக் கேள்வி கேட்கும் துணிவு, நம்மைக் கேள்வி கேட்க நாம் இடங்கொடுக்கும் வகுப்பறையில்தான் வளரும்.

அடுத்த மாதம் அதே தலைப்பை மீண்டும் கொடுக்கப் போகிறேன். நீதிமன்றம் என்ற சொல் ஒரே ஒரு கட்டுரையில் வந்தாலும் போதும். எழுத்துப்பிழையோடு வந்தாலும் மகிழ்வேன்.

சிந்திப்போம், நம் பிள்ளைகளையும் சிந்திக்க விடுவோம்!